வளரும், ஆனால் காய்க்குமா?

வீட்டுத் தோட்டத்துக்குப் பழமரம் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது நம்ம ஊர்ல வளருமா?" சென்னையில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டாரத்தில் தோட்டம் போட்டுக் கொடுப்பதும், கடையில் கிடைக்காத பழக் கன்றுகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதும் என் தொழில். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் "வளரும்" என்பதே. உறைபனி விழாத ஊர். ஆண்டு முழுக்க வெயில். வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லிச்சி வளரும், ரம்புத்தான் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், ஆப்பிள்கூட இரண்டு மூன்று கோடையைத் தாண்டி நிற்கும். ஆனால் வளர்வது வேறு, காய்ப்பது வேறு. இந்த மரம் பூக்க என்ன வேண்டும், அந்தப் பூவைக் காயாக்க எந்தப் பூச்சி வர வேண்டும், வேருக்கு எந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்த ஊரில் பல வீடுகளின் பின்கட்டில் நிற்கும் வெறும் இலை மரங்கள் வேறு மரங்களாக இருந்திருக்கும்.

லிச்சியை எடுத்துக்கொள்வோம். பீகாரின் முசாபர்பூரில் குளிர்கால இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில்தான் மரம் துளிர்விடுவதை நிறுத்திப் பூமொட்டுக் கட்டும். நமக்குத் தை மாத விடியற்காலையிலும் சராசரி 20, 21 டிகிரி. குளிர்காலம் வந்து போனதே மரத்துக்குத் தெரியாது. விட்டுவிட்டுத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அடையாறில் ஒரு வீட்டில் மாடி உயரத்துக்கு வளர்ந்த லிச்சி ஒன்று நிற்கிறது. செம்பு நிறத் துளிர் வரும்போது கண்ணை எடுக்க முடியாது. பூ மட்டும் வந்ததில்லை. உரத்தை மாற்றினால் பூக்குமா என்று அந்த வீட்டம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். குறை உரத்தில் இல்லை, இரவில் இருக்கிறது. அதே லிச்சி வயநாட்டில் காய்க்கிறது என்றால், அது மலையின் உயரம் தரும் குளிரால்தான்.

ஆப்பிள் ஆசையும் இதே வகை. இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்-99 ரகத்துக்குக் குளிர் குறைவாக இருந்தாலும் போதும். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு அந்தக் கன்றைக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இலைகளைக் கையால் உருவிவிட்டால் மரம் ஓய்வெடுத்ததாக எண்ணிக்கொண்டு பூக்கும் என்பது உண்மை. ஆனால் கடலோரச் சென்னையில் கொத்துக் கொத்தாகக் காய்த்த ஆப்பிள் மரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காததை விற்கவும் எனக்கு மனமில்லை.

மங்குஸ்தானுக்கு வேண்டியது குளிரல்ல, ஈரம். அது காய்க்கும் பர்லியாறு பழப்பண்ணை குன்னூர் மலைப்பாதையில் 1871இல் தொடங்கியது. அதற்குக் கீழே கல்லாறு. இரண்டு இடத்திலும் ஓடை நீர், மர நிழல், காற்றில் எந்நேரமும் ஈரம். மங்குஸ்தான் வேர் மிக மெதுவாகப் போகும். ஒருமுறை காய்ந்தால் மீளாது. நம் ஊரில் கடற்காற்று மதியம் வருவதற்குத் தாமதமாகும் மே மாத நாள்களில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். அப்படி ஒரு வாரம் அடித்தால் மங்குஸ்தான் இலையின் ஓரம் கருகிவிடும். ரம்புத்தானும் அதே பாடுதான் படும்.

எனவே ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் நான் பார்ப்பது தண்ணீரையும் மண்ணையும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அதில் மீட்டரை நனைத்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு தெரிந்துவிடும். சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கம் 2,000ஐத் தாண்டும் கிணறுகள் சாதாரணம். அந்தத் தண்ணீரில் சப்போட்டா, களா, தென்னை, இலந்தை நிற்கும். ஜபோட்டிகாபா நிற்காது. பிரேசில் நாட்டு மரம். தண்டோடு ஒட்டிக் கருநீலப் பழமாகக் காய்க்கும். படத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும் உப்பில்லாத தண்ணீரும் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மிராக்கிள் ஃப்ரூட்டும் அப்படித்தான். அதைத் தின்றபின் எலுமிச்சை இனிக்கும் என்று ஆசையோடு வாங்குகிறார்கள். இவை இரண்டையும் கேட்பவர்களிடம் நான் ஒரே நிபந்தனைதான் வைப்பேன்: மொட்டை மாடியில் விழும் மழை நீரைத் தனித் தொட்டியில் சேர்த்து வைத்து, அதை மட்டும் ஊற்ற வேண்டும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் ஏற்கெனவே கீழே வருகிறது; வழியில் ஒரு சின்டெக்ஸ் வைத்தால் போதும். அதற்கும் சம்மதமில்லையென்றால் அந்த மரம் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது இப்போது எல்லா வீட்டிலும் பழக்கமாகிவிட்டது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொட்டிச் செடியில் அதைத் தினமும் ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் கட்டும். இலை நுனி பழுப்பாகும். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிச் சொல்வேன்.

மண் தெருவுக்குத் தெரு மாறும். மயிலாப்பூரின் கடலோரமும் அடையாறும் பெசன்ட் நகரும் மணல். ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் இறங்கிவிடும், உரமும் கூடவே போய்விடும். தி. நகர் நேர்மாறு. 1920களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய பகுதி அது. பழைய ஏரிக் களிமண் இன்றும் அடியில் இருக்கிறது. கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீர் நாள்கணக்கில் வடியாது. பட்டர் ஃப்ரூட்டை அங்கே குழி தோண்டி நட்டால் அடுத்த பொங்கலுக்குள் வேரழுகல் வந்துவிடும். நட்டே தீர வேண்டுமென்றால் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். கிண்டியும் சைதாப்பேட்டையின் ஒரு பகுதியும் பாறை.

இவை பழைய மண். அதற்குமேல் புது மண் ஒன்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது செங்கல் தூளும் சுண்ணாம்பும் சிமெண்டும் சுற்றுச்சுவர் ஓரத்தில் புதைந்துபோகும். மேலே ஒரு சாண் செம்மண் பரப்பிப் புல் போட்டுவிடுவார்கள். ஒரு பிடி மண்ணெடுத்து அதில் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைத்தால் அங்கே சுண்ணாம்பு மிகுதி. இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்கும். அந்த மண்ணுக்கு நான் தைரியமாகச் சொல்லும் அபூர்வப் பழம் முட்டைப்பழம். மெக்சிகோவிலிருந்து வந்தது, சப்போட்டாவின் குடும்பம், இலங்கையில் லாவுலு என்பார்கள். சுண்ணாம்பு மண்ணையும் கொஞ்சம் உப்பையும் பொறுத்துக்கொள்ளும். பழத்தின் சதை வெந்த முட்டையின் மஞ்சள் கரு போல மாவாக இருக்கும். அப்படியே தின்றால் தொண்டையை அடைக்கும். பாலோடு அடித்துக் குடித்தால் வீட்டுக் குழந்தைகள் மறுபடி கேட்கும். இவ்வளவு நன்றாக இந்த ஊரோடு ஒத்துப்போகும் மரம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று எனக்கு ஆற்றாமையே உண்டு.

இனி பூ. தி. நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வாசலில் சீத்தா மரம் நன்றாகத் தழைத்து நின்றது. "பூக்குது தம்பி, எல்லாம் உதிருது. மருந்து ஏதாவது அடிக்கலாமா?" என்றார். நான் முதலில் பார்த்தது தரையை. மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் தளம், தினமும் கூட்டிக் கழுவிச் சுத்தமாக இருந்தது. சீத்தாப் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும். ஆண் பாகம் மகரந்தம் உதிர்ப்பது அதற்குப் பிறகுதான். ஒரே பூ தன்னைத்தானே சினையாக்கிக்கொள்வது அரிது. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைச் சுமப்பவை மிகச் சிறிய வண்டுகள். தேனீ அந்தப் பூவுக்கு வருவதில்லை. அந்த வண்டுகள் பெருகுவது அழுகும் பழத்திலும் மக்கும் இலையிலும். கழுவிய சிமெண்டில் அவற்றுக்கு வாழ இடமில்லை.

"சார், இன்னிக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்வோம்" என்றேன். தடித்த மூன்று இதழும் நன்றாக விரிந்துவிட்ட பூக்களை மாலையில் பறித்து ஒரு காகிதத்தில் பரப்பி வீட்டுக்குள் வைத்தோம். மறுநாள் விடியற்காலை காகிதத்தில் மகரந்தம் உதிர்ந்து கிடந்தது. இதழ் பாதி மட்டும் விலகிய பூக்களைத் தேடி, ஓவியம் தீட்டும் சின்ன பிரஷால் மகரந்தத்தைத் தொட்டு, உள்ளே நடுவில் பிசுபிசுப்பாக மின்னும் கூம்பைச் சுற்றித் தடவினோம். முழுவதும் சுற்றித் தடவ வேண்டும். அந்தக் கூம்பில் எத்தனை சூலகம் சினையாகிறதோ அத்தனை சுளைதான் பழத்தில் வரும். ஒரு பக்கம் விட்டுப்போனால் பழம் கோணலாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் கூம்பு சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் மாலை இடிமழை இரண்டு பெய்த பிறகு செய்தால் பிடிப்பு அதிகம். சில நாள் கழித்து இதழ் உதிர்ந்த காம்பில் பச்சைக் குமிழ் தங்கியிருப்பதை அவரே எனக்குப் போனில் சொன்னார். இப்போது அந்த மரத்தடியில் தளத்தைக் கொஞ்சம் உடைத்து மூடாக்குப் போட்டிருக்கிறோம். பழத்தோலை அங்கேயே போடச் சொல்லியிருக்கிறேன்.

பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சகன் ரகத்தில் கொட்டை குறைவு, இனிப்பு அதிகம். அதற்கும் இந்தக் கைவேலை வேண்டும். காலையில் பிரஷ் பிடிக்க நேரமில்லாத வீட்டுக்கு அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. ரகமோ ராம்சீத்தாவோ போதும். முள் சீத்தாவும் நம் கடலோரத்தில் காய்க்கும். புளிப்பும் இனிப்புமான அதன் சாறு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து என்று இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க மரம் கேட்பவர்களுக்கு நான் கன்று தருவதில்லை. அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. அதிலுள்ள அன்னோனாசின் நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கரிபியத் தீவான குவாதலூப்பில் ஆராய்ந்திருக்கிறார்கள். நட்சத்திரப் பழத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வருடத்தில் பலமுறை பூத்துக் கிளையெல்லாம் காய்க்கும் மரம்தான். இருந்தாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஒரு பழம்கூட ஆபத்தாகலாம். நடுவதற்கு முன்னால் வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன். புளிச்சக்காய் எனப்படும் பிலிம்பியிலும் ஆக்சலேட் அதிகம். மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் அளவாகச் சேர்த்தால் அருமை; உடம்பு இளைக்கச் சாறெடுத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம்.

எதை நடலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: கோயம்பேடு சந்தைக்கு வர முடியாத பழம் எது? மாம்பழமும் கொய்யாவும் மங்குஸ்தானும் லாரியில் வந்து சேர்ந்துவிடும். லாரியில் ஏற முடியாத பழங்கள்தான் வீட்டு மரத்துக்கு உரியவை. வெஸ்ட் இண்டியன் செர்ரி பூத்து ஒரு மாதத்துக்குள் பழுத்துவிடும். பறித்த மறுநாளே வதங்கும். வைட்டமின் சி அதிலிருக்கும் அளவுக்கு வேறு பழங்களில் கிடைப்பது அரிது. பாதியாக வெட்டிய டிரம்மில் வைத்தாலே காய்க்கும், கிளை வெட்டி நட்டாலே வரும். வாட்டர் ஆப்பிள் தொட்டால் கன்றிப்போகும். மரத்தடியில் நின்று கடித்துத் தின்பதுதான் அதற்குச் சரி. சிங்கப்பூர் செர்ரி என்னும் தேன்பழம் நட்ட இரண்டாம் வருடமே பழுக்கும். அணிலும் குயிலும் வௌவாலும் பங்குக்கு வரும். அதன் கிளை காற்றுக்குத் தாங்காது என்பதைச் சொல்லித்தான் கொடுப்பேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த தோட்டங்களில் தேன்பழமும் முருங்கையும் முறிந்தன. கவாத்துச் செய்து அகலமாக வைத்திருந்த சப்போட்டாக்கள் நின்றன. சீமைப்பலாவைக் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கடலோர மணல் அதற்குப் பிடிக்கும், ஆனால் முப்பது நாற்பது அடிக்குப் போகும் மரம், சுவரோரம் இரண்டடி இடத்தில் வேண்டாம்.

வேற்றூர்ச் செடிகளைக் கொண்டுவந்து சோதிப்பது இந்த ஊருக்குப் பழைய வழக்கம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறினார்கள். கொய்யா, பப்பாளி, முந்திரி போன்ற அமெரிக்க மரங்கள் இந்தியாவுக்கு வந்தது அவர்களுடைய கப்பல் வழிகளில்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கச் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். கதீட்ரல் சாலையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கியது. அவர்கள் சோதித்ததில் நிலைத்தவை எவை என்று பார்த்தால் நமக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கன்று வாங்கும்போது இலையைவிடத் தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட தழும்பு தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர் இருந்தால் கிள்ளிவிட வேண்டும். நட்சத்திரப் பழமும் முட்டைப்பழமும் விதையிலிருந்து வந்தால் எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. ரம்புத்தானில் விதைக்கன்று ஆண் மரமாகவே போய்விடலாம். சீமைப்பலாவின் நல்ல ரகத்துக்கு விதையே இல்லை, வேரிலிருந்து வரும் கன்றுதான். பழத்தின் படம் ஒட்டிய சீட்டை நம்பாமல் தாய் மரம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம்.

ஒட்டைப் பற்றிச் சொல்லும்போது மந்தைவெளியில் ஒரு மாமி வீட்டுச் சப்போட்டாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் ஏரிகள் வற்றி ஊரே லாரித் தண்ணீருக்கு நின்ற கோடையில் அந்த மரத்தின் மேல்பாகம் பட்டுவிட்டது. அடியிலிருந்து புதுத் துளிர் கிளம்பியது. சில வருடம் கழித்து மாமி என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, இது சப்போட்டாதானா? இலை வேற மாதிரி இருக்கே. வெட்டிப்போடச் சொல்றா எல்லாரும்." இலை சிறியது, கரும்பச்சை, பளபளப்பு, நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "மாமி, இது பாலை. சப்போட்டாவை இதன்மேல்தான் ஒட்டுவாங்க. மேலே இருந்தது போயிடுச்சு, வேர்க்காரி நிக்கறா. வெட்டாதீங்கோ."

பாலை இந்தக் கடற்கரையின் சொந்த மரம். கோடியக்கரைக் காட்டிலும் இலங்கையின் வறண்ட காடுகளிலும் பெரிய பெரிய பாலை மரங்கள் நிற்கின்றன. உப்புக் காற்று, வறட்சி, புயல் எதற்கும் அசையாத மரம். மெதுவாக வளரும், இரும்பாக நிற்கும். கோடையில் விரல் நுனி அளவுக்கு மஞ்சள் பழம் பழுக்கும். தின்றால் உதட்டில் பால் ஒட்டும், ஆனால் இனிப்பு அருமை. சீக்கிரம் கெட்டுவிடுவதால் நம் ஊர்ச் சந்தையில் பார்ப்பது அரிது. சென்னையின் எத்தனையோ சப்போட்டாக்களுக்கு அடியில் அது வேராக மட்டும் இருக்கிறது.

பட்ட கட்டையை அறுத்து, வெட்டிய இடத்துக்குப் பசை தடவி, பல துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். போன கோடையில் மாமி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பாலைப்பழம் எடுத்துவைத்திருந்தார். தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கழுவி அன்றே மணலில் போட்டேன். முளைத்த கன்றுகள் இப்போது பையில் இருக்கின்றன. மழை நன்றாக இறங்கியதும் பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்கு முதல் கன்று போகிறது; அவர்கள் கேட்டிருந்தது மங்குஸ்தான்.